கரப்பான் தோலுக்குத் தேன்: ஆய்வு செய்ய நமக்கென்ன தடை?

"பிள்ளைக்குக் கரப்பான் வந்திருக்கு, தேன் தடவலாமா டாக்டர்?" தோல் சிகிச்சைப் பிரிவில் உட்காரும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்பவர் பெரும்பாலும் தாய். சில சமயம் பாட்டி. பலர் தடவிப் பார்த்த பிறகுதான் கேட்கவே வருகிறார்கள். அதைச் சிரித்து ஒதுக்கும் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். "இயற்கைப் பொருள், தாராளமாகத் தடவுங்கள்" என்று கைப்பேசியில் காணொளி போடுகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டுமே அந்தத் தாய்க்குச் செய்கிற அநியாயம். அவர் கேட்பது நல்ல கேள்வி. அதற்குக் கால்வாசிப் பதில் உலகில் கிடைத்துவிட்டது. மீதியைத் தேடுவதற்கான தேனும் மருத்துவமனையும் நோயாளிகளும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். தேடும் முயற்சிதான் இல்லை.

ஒவ்வாமைக் கரப்பானில் முதலில் கெடுவது தோலின் மேலடுக்கு. ஃபிலாக்ரின் என்ற புரதம்தான் அந்த அடுக்கை இறுக்கமாகவும் ஈரப்பசையோடும் லேசான அமிலத்தன்மையோடும் வைத்திருக்கிறது. அதற்கான மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு இந்த நோய் எளிதில் வருகிறது என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2006-ல் காட்டினார்கள். கீற்று உதிர்ந்த கூரைதான் அந்தத் தோல். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிடும்; வெளியிலிருக்கும் தூசியும் சோப்பும் கிருமியும் உள்ளே இறங்கும். உடலின் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 ஆகிய வேதிப்பொருள்களைச் சுரந்து அழற்சியைக் கிளப்பும். அரிக்கும். சொறிந்தால் தோல் இன்னும் பெயரும். பெயர்ந்த இடத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா குடியேறி அழற்சியை மேலும் தூண்டும். அரிப்பு இரவில்தான் கூடும் என்பதால் குழந்தை தூங்காது, தாயும் தூங்க மாட்டார். மாதக்கணக்கில் இப்படித் தூங்காத ஒரு பெண், பக்கத்து வீட்டார் சொல்லும் எதையும் செய்து பார்ப்பார். அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

இந்த நோய்க்குத் தேன் தடவிப் பார்த்த ஆய்வுகளில் கவனமாகப் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. சவூதி அரேபியாவின் ரியாத் நகரிலுள்ள மன்னர் சவூத் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்டது. ஆய்வை முடித்தவர்கள் 14 பேர். ஒவ்வொருவருக்கும் உடலின் ஒரு பக்கத்தில் இருந்த கரப்பான் மீது இரவில், நியூசிலாந்தின் மனுகா செடிப் பூக்களிலிருந்து கிடைக்கும் மனுகா தேனைத் தடவினார்கள். மறுபக்கத்தை ஒன்றும் செய்யாமல் விட்டார்கள். தொடர்ந்து ஏழு இரவுகள். சிவப்பு, வீக்கம், சொறிந்த கீறல் ஆகிய மூன்றுக்கும் முன்னும் பின்னும் மதிப்பெண் போட்டுப் பார்த்தபோது, தேன் தடவிய இடம் தெளிவாகத் தணிந்திருந்தது.

அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது ஆய்வகப் பகுதி. தேன் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது அது கிருமியைக் கொல்லும் என்பதுதான். ஆனால் இந்த நோயாளிகளின் தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் குறிப்பிடும்படி மாறவே இல்லை. கிருமி அப்படியே இருக்க, அழற்சி குறைந்திருக்கிறது. காரணம் தேடி, தோல் செல்களை வளர்த்து அவற்றின் மீது இன்டர்லூக்கின்-4-ஐச் செலுத்தினார்கள். ஒவ்வாமை அணுக்களை அழைத்து வரும் சிசிஎல்-26 என்ற புரதத்தை அந்தச் செல்கள் சுரக்கத் தொடங்கின. தேன் சேர்த்ததும் சுரப்பு குறைந்தது. தேனைக் கூட்டினால் இன்னும் குறைந்தது. ஹிஸ்டமினைப் பொதிந்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்கள் வெடித்துச் சிந்துவதையும் தேன் ஓரளவு தடுத்தது. இன்று இந்த நோய்க்கு வந்திருக்கும் மிக விலையுயர்ந்த ஊசி மருந்தான டுபிலுமாப் அடைப்பதும் இன்டர்லூக்கின்-4 செல்லும் அதே பாதையைத்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் தேனை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடவும் முடியாது.

இதே ஆய்வின் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். பதினான்கு பேர் என்பது ஒரு காலை நேரத்து ஓ.பி. வரிசையில் கால்பங்குகூட இல்லை. எந்தப் பக்கம் தேன் என்பது நோயாளிக்குத் தெரியும். பிசுபிசுப்பை எப்படி மறைப்பது? ஒன்றும் தடவாத தோலோடுதான் ஒப்பிட்டார்கள். வறண்டு வெடித்த தோலில் வாஸ்லினைத் தடவினாலும் ஏழு நாளில் கொஞ்சம் தணியும். தணிந்தது தேனாலா, தோலை ஏதோ ஒன்று மூடியிருந்ததாலா என்பது அந்த ஆய்விலிருந்து தெரியாது.

துபாயில் நூரி அல்-வைலி என்ற மருத்துவர் 2003-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே சிக்கல். தேன், ஆலிவ் எண்ணெய், தேன்மெழுகு மூன்றையும் சம அளவில் குழைத்துத் தடவினார். கரப்பான் நோயாளிகள் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இரண்டு வாரத்தில் நல்ல முன்னேற்றம். எண்ணெயும் மெழுகும் தோலுக்குச் செய்ததைக் கழித்துவிட்டால் தேனின் பங்கு எவ்வளவு? தெரியாது. நியூசிலாந்தில் கனூக்கா என்ற செடியின் தேனைச் சாதாரண க்ரீமோடு ஒப்பிட்ட சிறிய ஆய்வு, தேன் மேலானது என்று காட்டவில்லை. கரப்பானுக்குத் தேன் என்ற கூற்றுக்குப் பின்னால் இருக்கும் ஆதாரத்தின் கனம் இவ்வளவுதான்.

பிறகு ஏன் தேனுக்கு இத்தனை மருத்துவ மரியாதை? அது புண்களால் வந்தது. அதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் பணியாற்றிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் எம். சுப்ரமணியம், தீக்காயத்தோடு வந்த 104 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேன் தோய்த்த துணியும் மறு பாதிக்கு அன்றைய வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் மருந்தும் வைத்துக் கட்டி, முடிவை 1991-ல் பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சை இதழில் வெளியிட்டார். தேன் கட்டிய புண்கள் விரைவில் ஆறின. உலகெங்கும் நடந்த இத்தகைய 26 ஆய்வுகளை, 3,011 நோயாளிகளின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் அலசியது. ஆழமில்லாத தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனால் நாலைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்பதை அது ஏற்றுக்கொண்டது. காலில் ரத்தநாளக் கோளாறால் வரும் ஆறாப் புண்ணுக்குத் தேனால் பயன் இருப்பதாக அதே அலசலில் தெரியவில்லை. ஒரு புண்ணுக்கு உதவுவது இன்னொரு புண்ணுக்கு உதவுவதில்லை என்றால், புண்ணே இல்லாத வறண்ட கரப்பானுக்கு உதவும் என்று எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

வேறுபாடு எங்கே என்றால், தேன் வேலை செய்வதற்கு நீர் வேண்டும். அடைக்குள் இருக்கும் நல்ல தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சர்க்கரை எண்பது சதவீதம். தேனீயின் சுரப்பியிலிருந்து வந்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி அதில் உறங்கிக் கிடக்கிறது. கசியும் புண்ணின் நீர் பட்டுத் தேன் நீர்த்ததும் அந்த நொதி விழித்து ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக உண்டாக்கும். மனுகா தேனில் அதற்கு மேல் மெத்தில்கிளையாக்சால் என்ற பொருளும் இருப்பதை ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2008-ல் கண்டார்கள். வெடித்துக் கசியும் கரப்பானில் தேன் இப்படி இயங்கலாம். மார்கழிப் பனியில் சொரசொரப்பாகி, செதில் உதிரும் தோலில் நிலைமை வேறு. அங்கே தேவைப்படுவது எண்ணெய்ப் பசை. தேனில் அது இல்லை. மேலும், பூசிய தேனைக் காலையில் கழுவியாக வேண்டும். பிசுக்குப் போகவேண்டும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தால், தேன் ஏதாவது நல்லது செய்திருந்தாலும் அதை அந்தச் சோப்பு அழித்துவிடும்.

எறும்பையும் விட்டுவிட முடியாது. ஒரு பாட்டி ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கன்னத்திலும் கரப்பான், நீர் கோத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. கழுத்தை ஒட்டி, கரப்பானுக்குச் சம்பந்தமில்லாமல், சின்னச் சின்னச் சிவந்த தடிப்புகள் வரிசையாக இருந்தன. இரவில் தேன் தடவித் தொட்டிலில் போட்டிருக்கிறார்கள்; எறும்பு ஏறிக் கடித்திருக்கிறது.

"தேனுதான டாக்டரம்மா, என்ன செஞ்சிரப் போவுது? கடையில குடுத்த ஆயின்மென்ட்ல ஸ்டீராய்டு இருக்குன்னாங்க. அதான் பயந்துட்டேன்."

அவர் கைநீட்டிக் காட்டிய மருந்துக் குழாயில் வீரியம் மிக்க ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, பாக்டீரியாக் கொல்லி மூன்றும் ஒன்றாகக் கலந்திருந்தன. பச்சைக் குழந்தையின் கன்னத்தில் தடவவே கூடாத மருந்து. அதைத் தூக்கிப்போட்ட பாட்டியின் முடிவு சரியானது என்று சொன்னேன். அடுத்ததாக ஒன்று கேட்டேன்: "பாட்டி, பிள்ளை கன்னத்தைத் தொட்டுட்டு அந்தக் கையை எங்க கொண்டுபோவுது?" குழந்தை அப்போது விரலைச் சப்பிக்கொண்டுதான் இருந்தது.

கரப்பானுக்குத் தேன் என்ற பேச்சில் எல்லோரும் சொல்லாமல் விடும் ஆபத்து இதுதான். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அவற்றை வளரவிடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து நச்சைச் சுரந்து, கழுத்து நிற்காமல், பால் உறிஞ்ச முடியாமல், மூச்சுத் தசைகளே செயலிழக்கும் நிலைவரை கொண்டுபோகலாம். காய்ச்சி ஆற்றினாலும் அந்த வித்துகள் சாகா. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தைக் குழந்தை மருத்துவர்கள் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கரப்பான் பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலில் தலைகாட்டுவதும் ஒரு வயதுக்குள்தான், அதுவும் கன்னத்தில்தான். தேன் எட்டவே கூடாத வயதில், வாய்க்கு மிக அருகில் அதைப் பூசுகிறோம். வாயிலேயே புகட்டும் அளவுக்கு ஆபத்து இதில் இராது என்பது உண்மை. ஆனாலும் வெடித்த தோலும் சப்பும் விரலும் சேரும் இடத்தில் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

பெரியவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. தேனோடு மகரந்தமும், கூட்டை ஒட்டவைக்கத் தேனீக்கள் பயன்படுத்தும் புரோபோலிஸ் பிசினும் கலந்து வரும். புரோபோலிஸ், தொடு ஒவ்வாமை தருவதில் பெயர்பெற்ற பொருள். இந்த நோய் பெரும்பாலும் ஒவ்வாமை உடம்பு உள்ளவருக்கே வருகிறது என்பதை நினைத்தால், முன்கையில் காசளவு தடவி இரண்டு நாள் பார்க்காமல் உடம்பெல்லாம் பூசுவது தவறு.

இப்போது அந்த ஸ்டீராய்டு பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயத்தை உண்டாக்கியது நம் அமைப்புதான். முகம் வெளுக்க, படை மறைய, பரு போக என்று எல்லாவற்றுக்கும் வீரிய ஸ்டீராய்டு க்ரீம்கள் பெட்டிக்கடைச் சாமான்போல விற்கப்பட்டன. தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, படை அடங்காமல் பரவி வந்தவர்கள் ஆயிரமாயிரம். தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 மார்ச்சில் அறிவித்தது. கடைகளில் அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை எந்த ஊரிலும் போய் நின்று பார்க்கலாம்.

தவறாகப் பயன்பட்டதால் கெட்ட பெயர் எடுத்த அந்த மருந்து, சரியாகப் பயன்பட்டால் கரப்பான் குழந்தைக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். முகத்துக்கு மென்மையான வகை, குறைந்த நாள்கள், பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கணுவரை பிதுக்கிய அளவு இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு. குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் மேலெல்லாம் வாஸ்லினோ பாராஃபின் களிம்போ. இவ்வளவையும் தாய்க்குப் புரியும்படி சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும். ஓ.பி.யில் எங்களுக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. நாங்கள் சொல்லாத இடத்தில்தான் காணொளிகள் வந்து உட்கார்கின்றன. பாரம்பரியம் என்ற பெயரில் பேசும் அந்தக் காணொளிகள் ஒன்றைக் கவனிப்பதில்லை. சித்த மருத்துவத்தில் தேனின் முதன்மையான இடம் அனுபானம், சூரணத்தைக் குழைத்து உள்ளுக்குக் கொடுப்பதற்கு. கரப்பானுக்கு மேலே பூச அங்கே கரப்பான் தைலமும் அருகன் தைலமும் இருக்கின்றன. இரண்டும் எண்ணெய்கள்.

எந்தத் தேன் என்பது இன்னொரு பெரிய சிக்கல். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களில் விற்ற தேனை ஜெர்மனியில் காந்த ஒத்ததிர்வுச் சோதனைக்கு அனுப்பி, முடிவை 2020 டிசம்பரில் வெளியிட்டது; 10 தேறவில்லை. நம் நாட்டு வழக்கமான சோதனைகளை ஏமாற்றவென்றே வடிவமைத்த சர்க்கரைப்பாகு கலந்திருப்பதாக மையம் சொன்னது. நிறுவனங்கள் மறுத்தன. கலப்படமே இல்லாவிட்டாலும் கடைக்கு வரும் தேன், கெடாமலிருக்கச் சூடேற்றி வடிகட்டப்பட்டிருக்கும். சூடு கூடக் கூட குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி செயலிழக்கும். புண்ணுக்குப் போடும் மருத்துவத் தேன் வேறு சரக்கு. காமாக் கதிரால் கிருமி நீக்கி, பொட்டுலினம் வித்துகளையும் அழித்து, நொதி கெடாமல் குழாயில் அடைத்து வருவது. ரியாத் ஆய்வின் முடிவை மளிகைக்கடைப் பாட்டிலுக்குப் பொருத்திப் பேசுவது எப்படிச் சரியாகும்?

நம்மிடம் நல்ல தேன் இல்லாமலா இருக்கிறது? அடுக்குத் தேன், கொம்புத் தேன், மலைத் தேன், கொசுத் தேன் என்று தேனீ வகைக்கொரு தேன். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கி வைத்த தேனீ வளர்ப்பு, 1990-களின் தொடக்கத்தில் வந்த வைரஸ் நோயில் பெட்டி பெட்டியாகக் காலியாகி, மீண்டும் எழுந்து, 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அங்கே வரும் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்திலிருந்து. பூவிலிருந்து அல்ல, புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து தேனீக்கள் சேகரிப்பது. அதில் நீர்ச்சத்து கூடுதல் என்பதால் சீக்கிரம் புளிக்கும். மருந்தாக்க வேண்டுமானால் முதலில் அந்த நீரைச் சூடேற்றாமல் குறைக்க வேண்டும். நீலகிரிப் பாறைகளில் குறும்பரும் இருளரும் எடுக்கும் மலைத் தேனின் குணம் முற்றிலும் வேறு. இவற்றில் எது தோல் அழற்சியை அடக்கும், எது அடக்காது என்று யாராவது அளந்து பார்க்க வேண்டாமா? மனுகாவைப் பற்றி உலகம் பேசுவதற்குக் காரணம், நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் பீட்டர் மோலன் 1980-களிலிருந்து அதை விடாமல் அளந்தார் என்பதுதான்.

தேங்காய் எண்ணெய்க்கு இது நடந்துவிட்டது. பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் கரப்பான் உள்ள 117 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெயும் மறுபாதிக்கு மினரல் ஆயிலும் கொடுத்து, யாருக்கு எது என்பதை மறைத்து, எட்டு வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயின் கடுமை தேங்காய் எண்ணெயில் 68 சதவீதமும் மற்றதில் 38 சதவீதமும் குறைந்ததாக 2014-ல் எழுதினார்கள். பொள்ளாச்சியிலும் பட்டுக்கோட்டையிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைக்குத் தடவும் எண்ணெயைப் பற்றிய சான்று மணிலாவிலிருந்து வந்தது. தேனுக்கும் அப்படி நடப்பதற்குள் நாம் முந்திக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்தில், மார்த்தாண்டம் தேன் பெட்டிகள் இருக்கும் அதே மாவட்டத்தில், அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மும்பையின் டிராம்பேயில் 1974-லிருந்து மருத்துவப் பொருள்களைக் காமாக் கதிரால் கிருமி நீக்கும் ஐசோமெட் நிலையம் இருக்கிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட, மிதமான கரப்பான் உள்ள பிள்ளைகள். ஒரு கையில் கிருமி நீக்கிய தேன், மறு கையில் அதே நிறமும் பிசுபிசுப்பும் கொண்ட சர்க்கரைக் கரைசல், எது எதுவென்று பிள்ளைக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. மேலே மெல்லிய துணிக்கட்டு, எறும்புக்காகவும்தான். வழக்கமான களிம்பை யாருக்கும் நிறுத்தக் கூடாது. எட்டு வாரம். அரிப்பு எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, ஸ்டீராய்டு எத்தனை குழாய் குறைந்தது என்று கணக்கு. தொடங்குமுன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிட்டால், முடிவு பிடிக்கவில்லை என்று பிறகு யாரும் மறைக்க முடியாது.

தேன் தோற்றாலும் எனக்கு வருத்தமில்லை. அந்தச் செய்தியும் ஜெயித்த செய்தியைப் போலவே தமிழில் அச்சாகி, தாய்மார் கண்ணில் படும் இடத்துக்கு, தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்துக்கும் அங்கன்வாடிச் சுவருக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம் என்ற வரியை மட்டும் ஆய்வுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே அச்சடிக்கலாம்.